செவலையின் குட்டிகளுக்கு வீடு பார்த்தது

மாசி கடைசியில் ஒரு புதன்கிழமை, மத்தியானம் இரண்டு மணி இருக்கும். வாழைக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது கோகோ மறுபடியும் ஆரம்பித்தது. குரைப்பில்லை, ஊளையும் இல்லை. தொண்டைக்குள்ளேயே இழுத்து இழுத்து அழுகிற சத்தம். இரண்டு நாளாக அது சரியாகச் சாப்பிடவில்லை. வைத்த தயிர்ச்சோறு தட்டில் வெடித்துக் காய்ந்து கிடந்தது. வராந்தாவுக்கும் கேட்டுக்கும் நடந்தபடியே இருந்தது. கேட்டுக்கு வெளியே எங்கள் வீட்டு நாய் செவலை மண்ணைப் பறித்துக்கொண்டு படுத்திருந்தது. திங்கட்கிழமை காலையில் என் சைக்கிள் பின்னாலேயே வந்தது, அதற்கப்புறம் வீட்டுக்கே திரும்பவில்லை.

கோகோ நிர்மலா அம்மாவின் நாய். தேன் நிறம், உடம்பெல்லாம் சுருட்டை முடி, வாயைச் சுற்றித் தாடி. லாப்ரடாரையும் பூடில் என்கிற நாயையும் சேர்த்து உண்டாக்கிய ரகம் என்று அம்மா சொல்லியிருந்தார். அம்மா பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தர்மபுரியிலிருந்து இண்டூர் போகிற ரோட்டில் எங்கள் ஊர் எல்லையில் ஒன்றரை ஏக்கர் வாங்கி வீடு கட்டித் தனியாக இருக்கிறார். கல் குவாரியில் பலகைக்கல் ஏற்றி ஏற்றி என் இடுப்பு விட்டுப்போன வருடம், வேலை கேட்டுப் போன ஒன்பது இடத்தில் எட்டுப் பேர் என் நடையைப் பார்த்தே வேண்டாம் என்றார்கள். நிர்மலா அம்மா மட்டும், "குனியாம செய்யற வேலையா பாத்துக்கலாம், வாங்க," என்றார். மூன்று வருடமாக அங்கேதான் தோட்டம் பார்க்கிறேன்.

அந்த வாரம் அவர் கண் ஆபரேஷனுக்குப் பெங்களூர் போயிருந்தார். போன் போட்டுப் பார்த்தேன். அணைத்து வைத்திருந்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோகோவை அவருடைய அண்ணன் மகன் வீரமணி ஓசூருக்குக் கூட்டிப்போவார் என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார். முடி வெட்டவோ ஊசி போடவோ என்று நினைத்துக்கொண்டேன்.

இருபது வயதில் நான் அர்ச்சுனன் வீட்டில் பண்ணையாளாக இருந்தேன். ஒரு சாயங்காலம் தொழுவத்தில் சிவப்புக் கிடேரி கத்தியது. பசிக்குக் கத்துகிறது என்று ஒரு கத்தை வைக்கோலைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். விடிந்தபோது அதற்குப் பருவம் கடந்துவிட்டது. இனி இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். "வாயில்லாத ஜீவன் வாய் வுட்டுக் கேட்டிருக்குது, உனக்குக் காது எங்கடா போச்சு?" என்று அர்ச்சுனன் கேட்டார். அடித்திருந்தால் மறந்திருப்பேன். அந்தக் கேள்வி முப்பத்தைந்து வருடமாகக் கூடவே இருக்கிறது. எங்கள் பக்கம் யார் வீட்டு மாடு கத்தினாலும், சொந்தக்காரன் ஊரில் இல்லையென்றால், பார்த்தவன் ஓட்டிப்போய்க் காளைக்குச் சேர்த்துவிடுவான். அப்புறம் சொன்னால் போதும். நன்றிதான் சொல்வார்கள்.

ஆகவே நான் கேட்டைத் திறந்தேன். திருட்டுத்தனமாக இல்லை, பகல் வெளிச்சத்தில் இரண்டு கதவையும் அகலமாகத் திறந்தேன். செவலை என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனது. நான் வாழைப்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். முடிந்ததும் இரண்டுக்கும் தண்ணீர் வைத்தேன். செவலைக்கு ஒரு முட்டையும் கொடுத்தேன். அன்று சாயங்காலம் கோகோ தட்டைக் காலி பண்ணிவிட்டுத் தூங்கியது. ஒரு பொறுப்பான காரியம் செய்த நிம்மதியோடு நானும் வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை அம்மா வந்து இறங்கினார். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. கார் ஓட்டி வந்தது வீரமணி. பையை வாங்கிக்கொண்டே முதல் வேலையாகச் சொன்னேன்.

"அம்மா, கோகோ ரெண்டு நாளா கத்திக்கிட்டே இருந்துச்சுங்க. உங்க போனு எடுக்கல. நானே நல்லபடியா சேத்து வுட்டுட்டேன்."

"எதை எதோட சேத்தீங்க, பச்சியப்பன்?"

"நம்ம செவலையோடதாங்க. புதன்கெழம மத்தியானம். வியாழக்கெழமையும் ஒருக்கா."

வீரமணி கார்க் கதவைச் சாத்தாமல் அப்படியே நின்றார். "அத்தை, இவரு என்ன சொல்றாரு? ஞாயித்துக்கெழம ஓசூர்ல இதே ரக ஆண் நாயோட சேக்கறதுக்கு புக் பண்ணியிருக்கேன். ஒம்பது பேரு குட்டிக்குப் பேரு குடுத்துட்டாங்க. தெரு நாய உள்ள வுட்டிருக்காரு!"

ஓசூருக்கு எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றினார். டாக்டர் கழற்றக் கூடாது என்று சொல்லியிருந்தாராம். சிவந்த கண்ணால் கேட்டுக்கு நடுவில் படுத்திருந்த செவலையைப் பார்த்தார். புது மாப்பிள்ளை மாதிரி அது எழுந்திருக்கக்கூட இல்லை. "சொட்டு மருந்து போடற நேரம்," என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனார். நான் மண்வெட்டி, அரிவாள், டியூப் எல்லாவற்றையும் கொட்டகையில் அடுக்கி வைத்தேன். நாளைக்கு இன்னொருத்தன் வந்தால் தேடாமல் எடுக்கட்டும் என்று நினைத்தேன். ஆறு மணிக்கு அம்மா வெளியே வந்து, "தென்னைக்குத் தண்ணி வுட்டாச்சா?" என்றார். அவ்வளவுதான். வேலையை விட்டு நிறுத்தப்போவதில்லை என்பதை ஒருவர் அப்படியும் சொல்லலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீரமணி மறுபடி வந்தார். வராந்தாவில் அவரும் அம்மாவும் பேசியது, பக்கத்தில் பாத்தி கட்டிக்கொண்டிருந்த எனக்கு நன்றாகவே கேட்டது.

"ஒரு ஊசி போட்டாக் கலைஞ்சிரும் அத்தை. அடுத்த தடவ பாத்துக்கலாம்."

"அந்த ஊசியால கர்ப்பப்பையில சீழ் வெச்சுச் செத்த நாய நான் பாத்திருக்கேன். வேணாம்."

"அப்ப நாட்டு நாய்க் குட்டியத்தான் பெத்துக்கப் போறீங்க."

"கோகோ மட்டும் என்ன? அதுவும் ரெண்டு நாயி சேந்து பொறந்ததுதானே."

"அது வேற அத்தை. அதுக்குன்னு பாத்துப் பாத்துச் சேக்கறோம். முடி கொட்டாது, மூச்சுத் தொந்தரவு இருக்கறவங்ககூட வளக்கலாம். ஜனங்க ஆசப்படறாங்க, நாங்க குடுக்கறோம். இதுல என்ன தப்பு? நான் குடுத்த ஒவ்வொரு வூட்டுக்கும் இன்னைக்கும் போன் பண்ணி விசாரிக்கறேன்."

அதை நான் நம்பினேன். வீரமணி மோசமான ஆளில்லை. கோகோவின் காதுக்குள் புண் இருப்பதை எல்லாருக்கும் முன்னால் கண்டுபிடித்தவர் அவர்தான். அம்மா மூலையில் சாத்தியிருந்த துடைப்பத்தைக் கையில் எடுத்தார். அப்புறம், "வீரா, இந்தத் துடப்பத்தப் பாரு," என்றார். "தெனம் ரெண்டு வேள கூட்டறேன். எனக்கு முன்னாடி கோகோவ வளத்த வூட்ல, முடி கொட்டாதுன்னு சொல்லித்தான் அத வாங்கினாங்க. கொழந்தைக்கு வீசிங் நிக்கல. எட்டு மாசத்துல பால்கனியில கட்டிட்டாங்க. நான் போயி அவுத்துட்டு வரும்போது அதுக்கு மாடிப்படி எறங்கத் தெரியல. ரெண்டு நாயச் சேக்கறது எனக்குத் தப்பாத் தெரியல. எதுக்குச் சேக்கறோம், பொறந்தது எங்க போயி நிக்கும்னு யோசிக்கணும். நீ கேட்டேன்னு ஒரு தடவைக்குச் சரின்னேன். அதுவே நான் யோசிக்காம சொன்னது. பச்சியப்பனாவது அது அழுவுதேன்னு பண்ணாரு."

வீரமணி டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். கோபமாகப் போனாலும் போகும்போது கோகோவின் தலையைத் தடவிவிட்டுத்தான் போனார்.

வைகாசியில் ஆறு குட்டி பிறந்தன. ஒன்று பிறக்கும்போதே செத்திருந்தது. மிச்சம் ஐந்தும் தினுசு தினுசாக இருந்தன. இரண்டு அப்படியே செவலை, வழவழப்பான சிவப்பு. ஒன்றுக்கு முதுகு மட்டும் அலை அலையாக. ஒன்றுக்கு உடம்பு நாட்டு நாய், மூஞ்சி மட்டும் தாடியோடு கிழவன் மாதிரி. கடைசியாகப் பிறந்த பெட்டைக்குத்தான் கோகோவின் சுருட்டை முழுசாக வந்திருந்தது. ஊரில் செய்தி பரவியது. காலையில் பாஞ்சாலியின் டீக்கடையில் என்னைப் பார்த்தாலே ஆரம்பித்துவிடுவார்கள்.

"ஏண்ணா, சம்பந்தி வூட்ல சீரு வரிச எல்லாம் ஒழுங்கா செஞ்சாங்களா?" என்று பாஞ்சாலியே கேட்டது.

"பேரப்புள்ளைங்களுக்கு இங்கிலீசுதான் வருமாமே, உனக்குப் புரியுமா?" என்றான் ஆட்டோக்காரன்.

நானும் சிரித்தேன். பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து ஒருவன், யாரென்று சொல்ல வேண்டாம், "காலனி நாய்க்கு மாடி வூட்ல பொண்ணு. நாயாப் போனதால சும்மா வுட்டாங்க," என்றான். சிரிப்பு அங்கேயே நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பாஞ்சாலி அவனுடைய தம்ளரை வாங்கி அலசி வைத்துவிட்டு, "பஸ்சு வருது, கௌம்பு," என்றது. பஸ் எதுவும் வரவில்லை.

குட்டிகள் கண் திறந்து நடக்க ஆரம்பித்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். "அப்பன் உங்க வூட்டு நாயி. அதனால வூடு பாக்கற வேல உங்களுது," என்றார். "கேட்டவங்களுக்கெல்லாம் தூக்கிக் குடுக்கறதில்ல. எங்க போவுது, யாரு பாத்துக்குவாங்க, தெரிஞ்சாதான் போகணும். முடிவு நீங்க பண்ணுங்க. ஒண்ணு தப்பாப் போனாலும் திருப்பி வாங்கிக்கறது என் பொறுப்பு." ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் கொடுத்தார்.

எழுத்து எனக்கு ஐம்பத்திரண்டு வயதில் வந்தது. எங்கள் தெரு அன்பரசி சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் வைத்துப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. நூறு நாள் வேலை அட்டையில் கையெழுத்துப் போடவும், பஸ் போர்டு படிக்கவும் போதும் என்றுதான் போனேன். ஒருத்தரைப் பற்றி நான் முடிவு செய்து எழுதி வைப்பேன் என்று அந்தப் பிள்ளையும் நினைத்திருக்காது. முதல் பக்கத்தில் கேட்க வேண்டியதை எழுதினேன். சுற்றுச்சுவர் இருக்கிறதா. பகலில் வீட்டில் யார். கட்டிப்போடுவீர்களா, எவ்வளவு நேரம். ஊசிக்கு யார் கொண்டுபோவது. ஊருக்குப் போனால் யாரிடம் விடுவீர்கள். என் பிறப்பிலிருந்து நான் போய் நின்ற வாசல்களில் கேள்வி கேட்டதெல்லாம் அந்த வீட்டுக்காரர்கள். யாரு, எந்தத் தெரு, யாரு மவன், எதுக்கு வந்த. திருப்பி நான் கேட்டதில்லை.

தாடிக்காரக் குட்டிமேல் எனக்கு ஆசை இருந்தது. அதனால் முதலில் என்னையே கேட்டுப் பார்த்தேன். வீட்டில் விளக்கடியில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, "செவுரு இக்குதா?" என்று கேட்டு, "வேலிகூட இல்ல," என்று சொன்னேன். "பகல்ல யாரு?" "ரெண்டு பேருமே வேலைக்குப் போயிருவோம்." "இதுக்கு முந்தி வளத்த நாய்க்கு ஊசி போட்டியா?"

பேனாவை மூடி வைத்தேன். எட்டு வருடமாகச் செவலை எங்கள் நாய் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மிச்சமானதைப் போட்டதைத் தவிர அதற்கு நான் ஒன்றும் செய்ததில்லை. ரோட்டில் அடிபட்டிருந்தால் அன்றைக்கே தெரு நாய் ஆகியிருக்கும்.

அடுப்பங்கரையிலிருந்து என் மனைவி லூர்துமேரி எட்டிப் பார்த்தாள். "ஏன்யா, கேக்கறதும் நீயி, சொல்றதும் நீயி. என்னக் கேட்டிருந்தா ஒரே வார்த்தையில கெடையாதுன்னிருப்பேன். வெளக்கெண்ண மாதிரி இவ்ளோ நேரம் வழவழன்னு."

என் பெயரை எழுதி நானே அடித்தேன். நோட்டில் முதல் பெயர் அதுதான். அடுத்த வாரமே அம்மா காரில் செவலையை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வெறிநாய்க்கடி ஊசி போட்டோம். இனி அதனால் குட்டி உண்டாகாமலிருக்க ஆபரேஷனும் ஆயிற்று. திரும்பி வரும்போது மயக்கத்தில் என் மடியில் தலை வைத்துக் கிடந்தது. அது அப்படிக் கிடந்தது அதுவே முதல் தடவை.

தாடிக்காரன் சத்துணவு அமைப்பாளர் ஜானகியம்மாளிடம் போனான். சுவர் உண்டு, மத்தியானத்துக்கு மேல் வீட்டிலேயே இருப்பவர். கேள்வியெல்லாம் முடிந்த பிறகு, "ஏப்பா, நான் பாஸா?" என்று கேட்டார். சிவப்பில் ஒன்று மொரப்பூரில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் முருகேஷுக்கு. அவன் குட்டியைத் துண்டில் சுற்றி ஜன்னலோரம் உட்கார்ந்து போவதை பஸ் கண்ணுக்கு மறையும்வரை பார்த்தேன். ஒன்று பாஞ்சாலிக்கு. கேள்வி கேட்க வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் கேட்டேன். ஒன்று அம்மாவின் சிநேகிதி வந்து பெங்களூருக்கு எடுத்துப்போனார். சுருட்டைப் பெட்டை மட்டும் நின்றது. பார்க்க எல்லாரும் வந்தார்கள், தூக்கிக் கொஞ்சினார்கள், பெட்டை என்றதும் இறக்கி வைத்தார்கள். காலம் வந்ததும் ஆபரேஷன் நாங்களே செய்து தருகிறோம் என்றாலும், "பாக்கலாம்," என்று போய்விட்டார்கள்.

ஆடி முதல் வாரத்தில் அர்ச்சுனன் ஆள் அனுப்பினார். போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வயது எழுபது நெருங்கிவிட்டது. காலடியில் அறுபட்ட மோட்டார் கேபிள் துண்டு கிடந்தது.

"பாருடா. மூணாவது தடவ. செம்புக்கு ஆசப்பட்டு அறுத்துட்டுப் போயிடறானுங்க. கடலக் காடு காயுது. அந்தச் சுருட்ட முடிக் குட்டி இக்குதாமே, கொண்டாந்து வுடு."

"எங்கங்க வெச்சிக்குவீங்க?"

"எங்கியா? மோட்டார் கொட்டாய்லதான். பின்ன மெத்தையிலயா?"

"ராத்திரிக்கு மட்டுங்களா, பகல்லயுங்களா? சோறு யாருங்க கொண்டுபோவாங்க?"

அவர் சிரித்தார். "என்னடா, பொண்ணு குடுக்கறவன் மாதிரி வெசாரிக்கற? பெட்டையோ கெடாவோ, சங்கிலியில கட்டினாக் கொலைக்குமில்ல? போதும்."

அந்த மோட்டார் கொட்டாய் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். நான் பண்ணையாளாக இருந்த கடைசி வருடத்தில் அங்கே ராஜா என்று ஒரு நாய் கட்டியிருந்தது. அதற்குச் சோறும் தண்ணீரும் கொண்டுபோக வேண்டியவன் நான். ஒரு சித்திரையில் என் மாமன் செத்துப்போக, காரிமங்கலம் போனவன் இரண்டு ராத்திரி தங்கிவிட்டேன். யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. வந்து பார்த்தபோது தண்ணீர்ச் சட்டி சங்கிலி இழுத்துக் கவிழ்ந்திருந்தது. நாய் சட்டிக்குள் மூஞ்சியை வைத்துக் கிடந்தது. குழி தோண்டிப் புதைத்தேன். பாம்பு கடித்தது என்று அர்ச்சுனனிடம் சொன்னேன். அவரும் நம்பினார். ஆகவே அன்றைக்கு அவர் வாசலில் நின்றபோது எனக்கு அவர்மேல் கோபம் எதுவும் வரவில்லை. சோறு கொண்டுபோகிற ஆள் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் ஒரு நாள் வராமல் போவான் என்று எனக்குத் தெரியும். அந்த ஆள் நானே.

"அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேங்க," என்றேன். தப்பித்துக்கொள்ளத்தான் சொன்னேன்.

அவரே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். நிர்மலா அம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். கேபிள் போனதற்கு வருத்தப்பட்டார். பிறகு, "அது பச்சியப்பன் கையிலதாங்க இருக்கு. அவரு சரின்னா எனக்கும் சரி," என்றார்.

அவரு. அந்த வாசலில் என்னைப் பற்றி அப்படி ஒரு சொல் அதுவரை யாரும் பேசியதில்லை. அர்ச்சுனன் போனை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். உள்ளே கதவோரம் அவருடைய மனைவி கோவிந்தம்மாள் முறத்தோடு நின்றுகொண்டிருந்தார். என் மனைவி வருடத்தில் பாதி நாள் களை எடுப்பது இவர்கள் காட்டில். அது எனக்குத் தெரியும், அர்ச்சுனனுக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

"இல்லைங்க," என்றேன். "மோட்டார் கொட்டாய்க்குன்னா குடுக்க முடியாதுங்க."

அவர் சத்தம் போடவில்லை. "சரி. போ," என்றார்.

மறுநாள் கடலைக் காட்டுக்குக் களை எடுக்கப் போன மேரி ஏழு மணிக்கே திரும்பி வந்தாள். "ஆளு போதும்னுட்டாங்க," என்று களைக்கொத்தைச் சுவரோரம் சாத்தினாள். அவளோடு போகிற மற்ற நான்கு பெண்களும் காட்டில் இறங்கிவிட்டார்கள். நடந்ததை அப்போதுதான் சொன்னேன். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீ குடுக்காதது தப்புன்னு நான் சொல்லல," என்றாள். "அந்த நாயப் பொதைச்சிட்டு வந்த அன்னிக்கு நீ சோறு எறங்காம இருந்தத நான் பாத்தவ. ஆனா ஊரெல்லாம் போயி வூடு வூடாக் கேள்வி கேட்டியே, ஒன் வூட்ல இருக்கறவள ஒரு வார்த்த கேட்டியா? இப்பிடி ஒண்ணு சொல்லப் போறேன், ஒனக்கு வேல போவும், பரவால்லியான்னு கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சரி என்றுதான் சொல்லியிருப்பாள், அது வேறு விஷயம். நிர்மலா அம்மாவுக்குத் தெரிந்ததும் தோட்டத்துக்கு வரச் சொன்னார். மேரி போகவில்லை. "எனக்கு வேல மட்டுமா வேணும்? அந்த நாலு பேரோட பேசிக்கிட்டு களை எடுக்கணும். ஒங்கம்மா தோட்டத்துல வாழமரத்தோடயா பேசறது?" என்றாள். பத்து நாள் வீட்டிலேயே இருந்தாள். சாயங்காலம் அந்தப் பெண்கள் தெருவழியாகச் சிரித்துக்கொண்டே திரும்பும்போது உள்ளே போய்விடுவாள். அதைப் பார்ப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு தடவை, குட்டியைக் கொண்டுபோய் அந்த வாசலில் விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று சைக்கிளைக்கூட எடுத்தேன். கேட்டுக்குள் நுழைந்ததும் அது ஓடி வந்து என் லுங்கியைக் கவ்வி இழுத்தது. சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுத் தென்னைக்குத் தண்ணீர் விடப் போனேன்.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா கண் பரிசோதனைக்கு தர்மபுரி போயிருந்தார். நான் வராந்தாவில் உட்கார்ந்து குட்டியின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. எழுந்து போய்ப் பார்த்தால் கோவிந்தம்மாள். வெயிலில் நடந்தே வந்திருக்கிறார், முந்தானை தலையில். செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றியிருந்தார்.

"உள்ள வாங்கம்மா. வெயிலு," என்றேன்.

வந்து வராந்தாப் படியில் உட்காரப் போனார். நாற்காலியைக் காட்டினேன். தயங்கி அதன் விளிம்பில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாங்கிக் குடித்தார். முழுசும் குடித்தார்.

"மேரிய நாளைக்குக் காட்டுக்கு வரச் சொல்லி காலையிலேயே ஆள் அனுப்பிட்டேன்," என்றார். "அது வேற, இது வேற. அத நெனச்சிக்கிட்டு இதுக்குச் சரின்னு சொல்லிடாத."

கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் அதைக் கவனிக்காதவர் மாதிரி குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு சொல்லி வரல. நானாத்தான் வந்தேன். எனக்கு இத வூட்டுக்குக் குடு. கொட்டாய்க்கு இல்ல, வூட்டுக்கு. பையன் குடும்பத்தோட சென்னையில இக்கறான். இவரு காட்டுக்குப் போனா பொழுது எறங்கித்தான் வராரு. டிவி பேசுது, நான் கேட்டுக்கிட்டு இக்கறேன். நான் பேசினாக் கேக்க ஒண்ணும் இல்ல. அன்னிக்கு நீ கேட்டியே, அதெல்லாம் என்னையும் கேளு."

நோட்டை எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தேன். அவருக்கு எதிரில் நான் உட்காருவது அதுவே முதல் தடவை. உட்கார்ந்த பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. பேனாவைத் திறந்து கேட்டேன். சுவர் உண்டு. பகலில் அவர் உண்டு. கட்ட மாட்டார். ஊசிக்கு மாட்டாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் அவரே கொண்டுபோவார். ஊருக்குப் போனால் மேரியிடம் விடுவார், மேரி சம்மதித்தால். ஒவ்வொன்றாக எழுதினேன். என் எழுத்து மெதுவானது. அவர் பொறுமையாக என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நோட்டில் இல்லாத ஒன்று பாக்கி இருந்தது. "அடுத்த தடவ கேபிள் போச்சுன்னா, ஐயா சங்கிலிய எடுத்துட்டு வந்து கொட்டாய்க்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா என்னம்மா சொல்லுவீங்க?"

கோவிந்தம்மாள் காலிச் சொம்பைத் தரையில் வைத்தார். "நாப்பத்தாறு வருசமா அவரு சொன்ன எதையும் நான் முடியாதுன்னு சொன்னதில்ல, பச்சியப்பா," என்றார் கடைசியில். அது பதிலா, பதிலின் ஆரம்பமா என்று எனக்குத் தெரியவில்லை. காத்திருந்தேன்.

குட்டி நாற்காலிக்கு அடியில் புகுந்து அவர் காலை மோந்தது. கால்விரல் மிஞ்சியை நக்கியது. ஒரு சுற்று சுற்றிவிட்டு, அவருடைய வலது பாதத்தின்மேல் உட்கார்ந்து மூத்திரம் போக ஆரம்பித்தது. நான் பதறி எழுந்தேன். அவர் கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். புடவைக் கரையை மட்டும் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டார். விரலிடுக்கில் ஓடித் தரையில் இறங்கிய ஈரத்தைப் பார்த்தபடியே இருந்தார். அது முடித்து எழுந்து போகும்வரை காலை எடுக்கவில்லை. நான் மறுபடி உட்கார்ந்து நோட்டில் அவர் பெயரை எழுதினேன்.